பெட்ரோமாக்ஸ் பௌதிகம்

அம்மிணி, சித்த அந்தப் பொஸ்தகத்தை மூடு. பொழுதோட ஆறு மணியிலிருந்து "ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது"ன்னு நீ கத்தற கத்துல, கட்டுத்தறியில எருமை மிரண்டு கவுத்தை அத்துக்கப் பாக்குது. அதுக்கு என்ன தெரியும்? எவனோ எதையோ அழிக்க வாரான்னு நெனச்சிருக்கும்.

நான் ஒண்ணும் படிச்சு முடிச்சவனில்ல. எஸ்.எஸ்.எல்.சி.யில சயின்சுல 34 மார்க்கு. 35 இருந்தாப் பாசு. அந்த ஒத்த மார்க்கு எங்க போச்சுன்னு அறுபது வருசமாத் தேடிட்டிருக்கறன். ஆக்கவோ அழிக்கவோ முடியாதுன்னா எங்கியோ இருக்கோணுமில்ல? அதுதான் உன்ற பொஸ்தகத்துல கெடைக்குமான்னு அப்பப்ப எட்டிப் பாக்கறது. நீ என்னமோ அப்புச்சி படிப்பு மேல ஆசைப்படறாருன்னு நெனச்சுட்டிருக்கற.

வேலைன்னா என்னன்னு கேட்டா "விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி"ன்னு வெடுக்குன்னு சொல்லற. செரி, அந்தப் பெருக்கலைக் கெணத்து மேட்டுக்குக் கொண்டா.

என்ற அய்யன் காலத்துல இந்தக் கெணறு 40 அடி. கவலை ஓட்டித்தான் தண்ணி. தோல் பறி கெணத்துக்குள்ள எறங்கும், உருளை கிரீச்சு கிரீச்சுன்னு அழுகும், எருது ரெண்டும் வாரியில எறங்க எறங்க ஏழெட்டுக் கொடம் தண்ணி மேல வந்து தும்பி வழியாத் தொட்டியில கொட்டும். இழுக்கற எருது எதுக்குப் பள்ளத்துல எறங்கி இழுக்குதுன்னு ரோசனை பண்ணியிருக்கயா? அதுங்க ஒடம்பு எடையும் சேந்து இழுக்கட்டும்னுதான் வாரியைச் சரிவா வெட்டி வெச்சாங்க. வெட்டுனவன் நிலை ஆற்றலை எந்த வாத்தியார்கிட்டப் படிச்சான்னு தெரியல. எப்படியும் என்னையாட்டம் 34 வாங்கியிருக்க மாட்டான்.

இப்பக் கணக்கைப் போடு. ஏழெட்டுக் கொடம்னா 100 லிட்டர்னு வெச்சுக்க, அது 100 கிலோ. புவியீர்ப்பு முடுக்கம் உன்ற வாத்தியாருக்கு 9.8, நம்ம ரெண்டு பேருக்கும் 10. 40 அடிங்கறது 12 மீட்டர். பெருக்குனா 12,000 ஜூல். ஒரு யூனிட்டு கரண்டு எவ்வளவு? 36 லட்சம் ஜூல். வகுத்துப் பாரு, 300 பறி வருது. நிமிசத்துக்கு ஒரு பறின்னு உடாம ஓட்டுனாலும் 5 மணி நேரம். கோழி கூப்பட எந்திரிச்சு, எருது வாயில நொரை தள்ளி, ஆளு இடுப்புப் புடிச்சு, உச்சிப்பொழுது வரைக்கும் ஓட்டுன கவலை அத்தனையும் ஊட்டு மீட்டருப் பொட்டியில ஒத்த நம்பரு. நீ பேனைப் போட்டுட்டு அக்கட்ட போயிச் செல்போனை நோண்டறயே, அந்த 75 வாட்டுப் பேனு 13 மணி நேரம் சுத்துனா ரெண்டு எருதோட அரைநாள் ஒழைப்பு காலி. எருது பேசாத சீவன், அதுக்கு இந்தக் கணக்குத் தெரியாம இருக்கறது நல்லது.

இப்பக் கெணறு 100 அடிக்குப் போயிருச்சு. அதுவும் சுத்துவட்டாரத்துல போர் போடறவன் எல்லாம் நம்மளைப் பாத்துச் சிரிக்கற ஆழம். 100 அடின்னா 30 மீட்டர், ஒரு லிட்டரைத் தூக்க 300 ஜூல், ஒரு யூனிட்டுல 12,000 லிட்டர் வரோணும். வருமா? வராது. மோட்டாரும் பம்பும் கொழாயுமா பாதியைத் தின்னுபோடும். 6,000 வந்தா நம்ம யோகம். தின்ன பாதி எங்கன்னு மோட்டார் மேல கையை வெச்சுப் பாரு, சுள்ளுன்னு இருக்கும்.

அந்தச் சூட்டைத்தான் நீ நல்லாக் கவனிக்கோணும். பொள்ளாச்சிச் சந்தையில மாட்டுத் தரகன் துண்டைப் போத்திக் கையைப் புடிச்சு வெலை பேசறதைப் பாத்திருக்கயா? வித்தவனுக்கும் நட்டம், வாங்குனவனுக்கும் நட்டம், ஆனாத் தரகன் மட்டும் வெறுங்கையோட ஊட்டுக்குப் போனதா சரித்திரமே இல்ல. சக்தி எந்த உருவத்துலிருந்து எந்த உருவத்துக்கு மாறுனாலும் நடுவுல வெப்பம்னு ஒரு தரகன் நிப்பான். கரண்டு சுத்தலா மாறுனாலும் அவனுக்குப் பங்கு, சுத்தல் தண்ணியை மேல ஏத்துனாலும் அவனுக்குப் பங்கு. மொத்தக் கூட்டுத்தொகை ஒரு ஜூல்கூடக் கொறையாது, நம்ம கைக்கு வாரது மட்டுந்தான் கொறையும். உன்ற பொஸ்தகம் முதல் பாதியை மட்டும் கொட்டை எழுத்துல போட்டிருக்குது. ரெண்டாவது பாதி தெரிஞ்சவன்தான் பண்ணயம் பண்ண முடியும்.

போன வருசம் ஒருத்தன் வந்தான், இஸ்திரி மடிப்புல கை வெச்சா அறுத்துப்போடும். மோட்டார் டைனமோவைச் சுத்துமாம், டைனமோ கரண்டு குடுக்குமாம், அந்தக் கரண்டுலயே மோட்டார் ஓடுமாம், மிச்சத்துல ஊட்டுக்கு லைட்டும் எரியுமாம். முன்பணம் 40,000. நான் எதுத்துப் பேசல. காப்பித்தண்ணி குடுத்து ஒக்கார வெச்சு, "தம்பி எதுல வந்தீங்க?"ன்னன். "பைக்குலீங்." "பெட்ரோல் போட்டீங்களா?" "போடாம எப்படீங் வாரது?" "அதென்னுங், அந்த மிசினை ஒண்ணு பைக்குல மாட்டிக்கலாமில்லீங்?" காப்பியை முழுசாக்கூடக் குடிக்கல. மிச்சத்தை நாய்க்கு ஊத்துனன், அதுவும் குடிக்கல, சக்கரை கம்மி.

செரி, கரண்டு எங்கிருந்து வருதுன்னு கேட்டா சுவத்துல இருக்கற ஓட்டையைக் காட்டற. நம்ம பக்கத்துக்குக் கரண்டு மொதல்ல வந்தது பைக்காராவுலிருந்து, 1932-ல. நீலகிரி மேல ஓடற ஆத்துத் தண்ணியைக் கொழாயில புடிச்சு, 3,000 அடிக்கு மேலிருந்து சிங்காராவுக்கு எறக்கி டர்பைனைச் சுத்த உட்டாங்க. கோயமுத்தூர்ல மில்லு பெருகுனது, கெணத்து மேட்டுல எருதுக்குப் பதிலா மோட்டார் நின்னது எல்லாம் அதுக்கப்பறந்தான். அதாவது மலையில தண்ணி கீழ உழுந்தா இங்க கெணத்துல தண்ணி மேல எந்திரிக்குது. மலை மேல தண்ணியை ஏத்துனது ஆரு? கடலை மொண்டு மேகமாக்கி, ஊட்டி வரைக்கும் சொமந்துட்டுப் போயிக் கொட்டறவன் சூரியன். கூலி கேக்காத ஒரே பண்ணையாளு. உடுமலைப் பக்கம் காத்தாடியைச் சுத்தற பாலக்காட்டுக் கணவாய்க் காத்தும் அவன் தள்ளி உடறதுதான். அந்தக் காத்துல ஒரு சூட்சுமம் இருக்குது: வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருக்கற சக்தி எட்டு மடங்கு. அதனாலதான் காத்தாடிக்காரன் காத்து இருக்கற எடமா பாத்து நெலத்துக்கு என்ன வெலைன்னாலும் குடுக்கறான். நாம நாலு மடங்குன்னு நெனச்சு வித்துப்போட்டோம்.

பழனிக்குப் போயிட்டு வந்து பஞ்சாமிர்த டப்பாவை ஒத்தையா ஒழிச்சயே, அதுக்கும் கணக்கு இருக்குது. மலை சுமார் 450 அடி. 60 கிலோ ஆளு ஏறுனாச் செய்யற வேலை 80,000 ஜூல் சில்லறை. ஒடம்பும் ஒரு மோட்டார்தான், நாலுல ஒரு பங்குதான் வேலைக்குக் குடுக்கும், மிச்சம் வேர்வை. எல்லாஞ் சேத்தாலும் படியேறுன செலவு ரெண்டு கரண்டி பஞ்சாமிர்தத்துல அடங்கிரும். அரைக்கிலோ டப்பாவுக்கு நீ இன்னும் பத்துப் பதினஞ்சு வாட்டி மலை ஏறோணும், பாக்கி இருக்குது.

அடுத்து என்ன, அலையா? "ஊடகத்தின் துகள்கள்..." வேண்டாம், நிறுத்து. எருமை பாவம்.

கெணத்துல ஒரு கல்லைப் போடு. வட்டம் வட்டமா அலை கரைக்கு வரும். நடுவுல மெதக்கற வேப்பஞ்சருகைப் பாரு, நின்ன எடத்துலயே ஏறி எறங்கும், கரைக்கு வராது. தண்ணி போகல, தண்ணியோட துள்ளல்தான் போகுது. நம்மூருப் பழமையும் அப்படித்தான். மேக்கால ஊட்டுக்குப் பொண்ணு பாக்க ஒறம்பரை வந்தாங்கன்னா, ஆரும் திண்ணையை உட்டு எந்திரிக்கறதில்ல, சேதி மட்டும் கெழக்கால தெருக்கோடிக்குப் போயிரும். ஒரே ஒரு வித்தியாசம். அலை போகப் போக வீச்சு கொறையும். இது போகப் போக ஏறும். தெருக்கோடிக்குப் போறதுக்குள்ள அந்தப் புள்ளைக்குக் கொழந்தையே பொறந்திருக்கும்.

அக்கட்ட கெணத்துல வண்ணாத்திக்கல்லுல துணி தொவைக்கறவங்களைப் பாரு. துணி கல்லுல உழுந்து மறுபடி மேல போனப்பறந்தான் 'தப்'புன்னு சத்தம் வரும். சத்தம் நொடிக்கு 340 மீட்டர், வெளிச்சம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். மின்னல் வெட்டுனா ஒண்ணு ரெண்டு எண்ணு. மூணு எண்ணறதுக்குள்ள இடி வந்தா ஒரு கிலோமீட்டருக்குள்ள உழுந்திருக்குதுன்னு அர்த்தம். எண்ணறதைத் தென்னை மரத்தடியில நின்னு எண்ணாத, ஊட்டுக்குள்ள வந்து எண்ணு. மாமனூட்டுக்குப் போற டவுன் பஸ் ஆரன் கிட்ட வாரப்பக் கீச்சுனும், தாண்டிப் போறப்பக் கம்மிப்போகும். அது டிரைவர் கைவேலை இல்ல, டாப்ளர்ங்கறவரு 1842-ல சொன்ன சங்கதி. அதை நெசமான்னு பாக்க 1845-ல ஹாலந்துல ரயில்ல ஊதுகொழல்காரங்களை ஏத்தி ஊதச் சொல்லி, தரையில நின்னு காதால அளந்தாங்க. நம்ம ஊர்ல ரயில்ல நாதசுரம் வாசிச்சா டிக்கெட்டுப் பரிசோதகர் எறக்கி உட்டுருவாரு.

சத்தத்துக்குக் காத்தோ தண்ணியோ வேணும், ரேடியோ அலைக்கு ஒண்ணும் வேண்டாம். எங்க காலத்துல பொழுதோட சாளையில ஒக்காந்து இலங்கை வானொலி கேட்டோம். ரேடியோ முள்ளுக்குக் கீழ 25 மீட்டர், 31 மீட்டர், 41 மீட்டர்னு போட்டிருக்கும். பாட்டுக்கு எதுக்குடா மொழக்கோலுன்னு எங்கய்யன் கேப்பாரு. அது அலைநீளம். சிற்றலை நூறு இருநூறு கிலோமீட்டர் ஒசரத்துல இருக்கற அயனி மண்டலத்துல மோதித் திரும்பிக் கீழ வரும், கடலைத் தாண்டி நம்ம சாளைக்குள்ள பாடும். உன்ற எப்.எம். அலை 3 மீட்டர். அது அந்தக் கூரையைக் கிழிச்சுட்டு மேல போயிரும், திரும்பாது. அதனாலதான் பஸ் அந்த மேட்டைத் தாண்டுனதும் பாட்டுக் கரகரங்குது.

டவரு வெச்சா கதிர்வீச்சுன்னு ஊர்க்கூட்டம் போட்டாங்களே, நியாபகம் இருக்குதா? கூட்டம் போட்டது உச்சி வெயில்ல, கோயில் மைதானத்துல, தலையில துண்டுகூட இல்லாம. மூணு மணி நேரம். நான் ஒண்ணும் சொல்லல, மரத்து நெழல்ல ஒக்காந்து வேடிக்கை பாத்தன்.

அதே வாரத்துல செல்போனுக்குப் பின்னால ஒட்டற ஸ்டிக்கர்னு ஒருத்தன் வித்தான். கதிர்வீச்சு மொத்தத்தையும் தடுத்துருமாம், 300 ரூவா. "மொத்தமும் தடுத்தா போன் எப்படீங் வரும்?"ன்னன். "நல்ல கதிர்வீச்சை மட்டும் உடுமுங்"ன்னான். அவன் சயின்சுல பாசாயிருப்பான்.

இங்க வா, சூட்சுமத்தைச் சொல்லறன். மாங்காய் ஒசரத்துல தொங்குது. மூட்டை மூட்டையாப் பஞ்சை உருட்டி எறி, நாளெல்லாம் எறி, காய் உழாது. ஒரே ஒரு கல்லு, கொறி பாத்து அடிச்சா உழுந்துரும். எத்தனை எறிஞ்சங்கறது கணக்கில்ல, ஒவ்வொண்ணும் எத்தனை கனம்ங்கறதுதான் கணக்கு. ஒளியும் அப்படிப் பொட்டணம் பொட்டணமா வருதுன்னு ஐன்ஸ்டீன் 1905-ல சொன்னாரு, அதை வெச்சுத்தான் 1921-ம் வருச நோபல் குடுத்தாங்க. அதிர்வெண் ஏற ஏறப் பொட்டணம் கனக்கும். செல்போன் அலை நொடிக்கு 200 கோடி வாட்டி துடிக்குதுன்னு மலைச்சுப் போயிராத. கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் அதைப்போல ரெண்டரை லட்சம் மடங்கு துடிக்குது. செல்போன் அலை பஞ்சு. அணுவுக்குள்ள இருக்கற எலக்ட்ரானை ஒதைச்சு வெளிய தள்ற தெம்பு அதுக்கில்ல, கொஞ்சம் சூடேத்தும், அவ்வளவுதான். வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர்லிருந்துதான் கல்லு ஆரம்பிக்குது. எக்ஸ்ரே பாறாங்கல்லு, காமாக் கதிர் அதுக்கும் மேல. ஊரு பஞ்சைப் பாத்து ஓடிப் போயிக் கல்லுமழையில கூட்டம் போட்டுச்சு.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஒண்ணு இருக்குது. உன்ற அமுச்சிகிட்டச் சொல்லாத.

எங்க கல்யாணம் 1972. எட்டு பெட்ரோமாக்ஸ். அதைப் பத்த வெக்கறதுக்குன்னே ஒரு ஆளு, மாப்பிள்ளையை விட அவனுக்குத்தான் மருவாதி எச்சு. டேங்குல சீமெண்ணெய் ஊத்தி, கிண்ணத்துல ஸ்பிரிட்டு விட்டுப் பத்த வெச்சு, கொழாய் காயறதுக்குக் காத்திருந்து, அப்பறம் காத்தடிப்பான். சீமெண்ணெய் ஆவியாகி மேல ஏறி, தொங்கற நூல் வலைக்குள்ள 'பக்'குனு நீலமாப் புடிக்கும். மொத வாட்டி பத்த வெச்சதுமே நூலு எரிஞ்சு போயிரும். மிச்சம் நிக்கறது வெறுஞ் சாம்பல். அந்தச் சாம்பல்தான் வெள்ளை வெளேர்னு எரியறது. ஊதுனா உதுந்துரும், தொட்டா நொறுங்கிரும். 'வைதேகி காத்திருந்தாள்' படத்துல நம்ம உடுமலைப் பக்கத்துக் கவுண்டமணி கடையில செந்தில் அதைக் கசக்கிப் பொடியாக்குனப்ப ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சன். அது என்ன பொடின்னு அப்ப ஆருக்குந் தெரியல.

100 பங்குல 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. ஆஸ்திரியாக்காரரு ஆவர் வான் வெல்ஸ்பாக் கண்டுபுடிச்ச பக்குவம். தோரியம் கதிரியக்கப் பொருள்னு 1898-லயே தெரிஞ்சுபோச்சு, மேரி கியூரியும் கண்டாங்க, ஷ்மிட்ங்கற ஜெர்மன்காரரும் கண்டாரு. அந்தத் தோரியத்துக்கு அலைஞ்சவங்களுக்கு 1909-ல திருவாங்கூருல இருந்து போன தேங்காநார்க் கயித்துல ஒட்டியிருந்த மணலு துப்புக் குடுத்துச்சு. கயித்தோட மணல் போச்சு, மணலைப் பாத்து ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரரு இங்க வந்தாரு. மணவாளக்குறிச்சிக் கடக்கரையில மோனசைட்டு மணலை வாரிக் கப்பல் ஏத்துனாங்க. அப்ப அது திருவாங்கூர் சீமை, 1956-ல தான் நம்ம பக்கம் சேந்துச்சு. நம்ம கடக்கரை மணல் சீமைக்குப் போயி, லண்டன் தெருவுல வெளக்கா எரிஞ்சது இருக்கட்டும். என்ற கல்யாணத்துல எட்டுத் தொங்குனது.

தோரியத்தோட அரை ஆயுள் 1,400 கோடி வருசம். இந்த அண்டத்துக்கே 1,380 கோடி வருசந்தான் வயசுன்னு சொல்லறாங்க. அதாவது மொதல்லிருந்தே தோரியம் இருந்திருந்தாக்கூட இன்னும் பாதி கரைஞ்சிருக்காது. அவ்வளவு மெதுவாக் கரையறதால அது ஒண்ணும் அணுகுண்டு இல்ல. அது உடற ஆல்பாத் துகளைத் தடுக்கறதுக்கு ஒரு காகிதம் போதும், நம்ம மேல்தோலே போதும். வெளிய நின்னா ஒண்ணுமில்ல. ஆனா உள்ள போனாத் தோல் இல்ல பாரு, நேரா நுரையீரலு. நாங்க என்ன பண்ணுவோம், ஒடஞ்ச வலையைக் கழட்டி, மூஞ்சிக்கு நேரா வெச்சு 'பூ'ன்னு ஊதித் தட்டி, அந்தக் கையாலயே பந்தியில ஒக்காந்துக்குவோம். இப்பப் பல கம்பெனி தோரியம் போடறதில்ல. ஆனாலும் அட்டாலியில பழைய வலை டப்பா ஒண்ணு கெடக்குது, நீ எடுத்து ஊதி வெளையாடாத.

டவருக்கு ஊர்க்கூட்டம் போட்ட மனுசன் எல்லாம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல தாலி கட்டுனவங்கதான்.

என்ன சிரிக்கற? அக்கட்டப் பாரு, ஸ்டார்ட்டர் பொட்டியில மூணு லைட்டும் எரியுது. த்ரீ பேஸ் வந்துருச்சு. ஓடிப் போயி மோட்டாரைப் போட்டுட்டு வா.

"போடறனுங் அப்புச்சி. அதுக்கு முன்னால ஒரு கணக்குங்."

கேளு.

"முந்தாநேத்து ராத்திரி மோட்டாரைப் போட்டுட்டு 3 மணி நேரம் திண்ணையில தூங்கிட்டீங்க. மோட்டார் 5 எச்.பி., ஒரு எச்.பி.க்கு 746 வாட்டு. மூணு மணி நேரத்துக்கு 11 யூனிட்டு. உங்க கணக்குப்படி யூனிட்டுக்கு 6,000 லிட்டர்னா 66,000 லிட்டருங். காலைல போயிப் பாத்தன், நம்ம மஞ்சக் காட்டுல ஒரு பாத்திகூட நனையல. ஆக்கவோ அழிக்கவோ முடியாதுன்னா அது எங்கீங் போச்சு?"

அது... மடை ஒடஞ்சு... கெழக்கால தோட்டத்துக்காரன் நேத்துக் காலைல வந்து, காரணமே இல்லாம ஒரு கொலை எளநி எறக்கி வெச்சுட்டுப் போனான் பாரு.

அம்மிணி, பொஸ்தகத்தைத் தொற. கத்தியே படி. எருமை மிரண்டா மிரளட்டும்.